மூணு கம்பெனி சேர்ந்தா நம்ம ஊருக்கு என்ன செய்யலாம்

வணக்கம் அண்ணே,

எனக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியோட சி.எஸ்.ஆர். பிரிவுல, அதாவது கம்பெனி காசுல சமூகத்துக்குச் செலவு பண்ற பிரிவுல வேலை. எங்க கம்பெனி, ஒரு டிராக்டர் கம்பெனி, மாவு மசாலா தயாரிக்கிற ஒரு கம்பெனி, மூணும் சேர்ந்து டெல்டாவுல ஏதாவது பண்ணலாம்னு பேசிட்டிருக்கோம். இப்போதைக்கு பிளான் என்னன்னா, விவசாயக் கூலி வேலை பாத்த 500 பெண்களுக்கு 45 நாள் தையல், கம்ப்யூட்டர் பயிற்சி, கூடவே வேலை தேட ஒரு ஆப். இது உருப்படுமாண்ணே? இன்னொண்ணு, ஊருக்கு வந்தா விவசாயி ஆளே கிடைக்கலங்குறாரு, எங்க தெரு அம்மாங்க வேலையே இல்லங்குறாங்க. ஒரே ஊர்ல ரெண்டும் எப்படி நிஜமா இருக்கும்?

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

அன்புள்ள தம்பி,

ரெண்டாவது கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன், அது புரிஞ்சா மொத கேள்விக்குப் பாதி பதில் வந்துடும்.

ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்தான். மேட்டூர்ல தண்ணி தொறந்து கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல நடவு, ஒரே நேரத்துல களை, ஒரே நேரத்துல அறுப்பு. அந்தப் பத்துப் பதினஞ்சு நாள் எந்த ஊர்லயும் ஆள் பத்தாது, மத்த மாசமெல்லாம் அதே ஆளுங்களுக்கு வேலை கிடையாது. முன்னாடி இத சமாளிக்க முடிஞ்சதுக்குக் காரணம் அறுப்பு நீளமா இருந்துச்சு, அறுக்கணும், கட்டு கட்டணும், களத்துக்குத் தூக்கணும், அடிக்கணும், தூத்தணும், குடும்பமே வாரக்கணக்குல வேலை பாத்து கூலியா நெல்லு கொண்டாந்துடுவாங்க. இப்ப அறுப்பு மிஷின் ஒரு ஏக்கரை மணி நேரத்துல முடிச்சு நெல்ல டிராக்டர்ல கொட்டிட்டுப் போயிடுது. மிஷின் வந்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஐப்பசி மழை தலைக்கு மேல நிக்கிறப்ப குறுவை நெல்ல வயல்ல வச்சிக்கிட்டு ஆளுக்குக் காத்திருன்னு எந்த விவசாயிகிட்டயும் சொல்ல முடியாது.

எனக்கு வயித்தெரிச்சல் வேற எடத்துல. மிஷின் ஒரு வேலைய எடுத்துச்சு, பதிலுக்குச் சில வேலையக் கொண்டாந்துச்சு, ஓட்டுறது, ரிப்பேர் பாக்குறது, பெல்ட்டு பேரிங் விக்கிறது, வைக்கோல் கட்டுறது, நெல்ல காய வைக்கிறது. இதுல நம்ம ஊர் ஆளு கையில எது இருக்கு சொல்லுங்க. சீசனுக்கு சேலம், ஆத்தூர் பக்கத்துலேர்ந்து மிஷின் வருது, டிரைவரும் அங்கேர்ந்தே வராரு, அறுத்துட்டுப் போயிடுறாரு. அதுல அவங்க மேல குத்தமே இல்ல, அவங்க கத்துக்கிட்டாங்க. வேலை போனவங்களுக்கு அந்த மிஷின் கொண்டாந்த வேலையக் கத்துக்கொடுக்கணும்னு இங்க யாருக்கும் தோணல, அதுதான் குறை.

இப்ப உங்க பிளான். தையல் கிளாஸ் வேண்டாம் தம்பி. அதுக்கு எதிரா எனக்கு ஒண்ணுமில்ல, ஆனா டெல்டாவுல தையல் சர்டிஃபிகேட் இல்லாத தெருவே கிடையாது, ஜாக்கெட்டு தைக்கக் குடுக்குற ஆளுதான் கம்மி. 45 நாள் கிளாஸ் நடத்தி 500 பேருக்கு சர்டிஃபிகேட் குடுத்தா உங்க ரிப்போர்ட்ல 500-ங்குற நம்பர் வரும், 46-வது நாள் அந்தம்மா எங்க போவாங்கங்குறது ரிப்போர்ட்ல வராது. வேலை எது, சம்பளம் யார் தருவா, வீட்டுலேர்ந்து ஒரு பஸ்ஸுல போயிட்டு வர முடியுமா, இத மொதல்ல முடிவு பண்ணிட்டு கடைசியா பாடத்துக்கு வாங்க.

நான் சொல்ற வேலை, டிரையர்ங்குற மிஷின்ல நெல்லு காய வைக்கிறது. அரசாங்கம் நேரடி கொள்முதல் நிலையத்துல (டி.பி.சி.) நெல் எடுக்குறதுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். மிஷின்ல அறுத்த நெல்லு மழை நேரத்துல இருபதத் தாண்டித்தான் நிக்கும். அப்புறம் வருஷா வருஷம் அதே கதைதான், ரோட்டுல காய வைக்கிறது, தார்ப்பாய் வாடகைக்கு எடுக்குறது, டி.பி.சி. வாசல்ல குவிச்சு வச்சு நாள் கணக்கா காத்துக்கிடக்குறது, நெல்லு முளைச்சுப்போறது, ஈரப்பதத்துல தளர்வு வேணும்னு கேக்குறது, மத்தியக் குழு வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போறது. காத்திருக்க முடியாதவரு ஈர நெல்ல வியாபாரிக்கு வந்த வெலைக்குத் தள்ளிடுறாரு.

இது புதுப் பிரச்சினையும் கிடையாது. 1967-ல திருவாரூர் மாடர்ன் ரைஸ் மில் வளாகத்துக்குள்ள ஒரு சின்ன லேப் ஆரம்பிச்சாங்க, எதுக்குன்னா குறுவை அறுப்புல மழை வந்து நெல்லு நனைஞ்சா என்ன பண்றதுன்னு கண்டுபிடிக்கத்தான். அப்பதான் ஏ.டி.டி. 27-ங்குற நெல் ரகம் வந்து குறுவை பெருகியிருந்த நேரம். அந்த லேப்தான் வளர்ந்து நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு வந்து, பேரெல்லாம் மாறி இன்னைக்கு நிஃப்டெம்ங்குற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமா நிக்குது. மில்லுக்குள்ளயே ஆராய்ச்சி, பக்கத்துலயே வயல், விஞ்ஞானியும் மில்லுக்காரரும் ஒரே காம்பவுண்டுல. நீங்கள்லாம் மீட்டிங்ல இன்னோவேஷன்னு பேசுறத அறுபது வருஷத்துக்கு முன்னாடி திருவாரூர்ல பண்ணியிருக்காங்க. அந்த நிறுவனம் உங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கு, மொதல்ல அங்க போங்க.

டிரையர் ஓட்டுறது பட்டன் தட்டுற வேலை இல்ல. சூடு கூடிப்போனா அரிசிக்குள்ள கீறல் விட்டு அரைக்கிறப்ப குருணையாப் போயிடும், அதனால கொஞ்சம் காய வச்சு, ஆற விட்டு, திரும்பக் காய வைக்கணும், எப்ப நிறுத்தணும்னு தெரியணும். இது யாருக்குத் தெரியும்னு நினைக்கிறீங்க? வீட்டுல நெல் அவிச்ச அம்மாங்களுக்குத் தெரியும். களத்துல பரப்பி காலால துழாவி விட்டு, ரெண்டு நெல்ல எடுத்துப் பல்லுல கடிச்சுப் பாத்து இன்னும் ஒரு வெயில் வேணும்னு சொல்லுவாங்க, சரியா இருக்கும். நாப்பத்தஞ்சு வயசு அம்மாவ கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கிறதுக்கும், அவங்க கைக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வேலைக்கு மேல மாய்ஸ்சர் மீட்டர், பர்னர், கணக்கு நோட்டுன்னு நாலு விஷயம் சேத்துக் குடுக்குறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! மீட்டர் சொல்றதும் அவங்க பல்லு சொல்றதும் ஒத்துப்போகுதான்னு பாத்துப் பாத்தே ஒரு மாசத்துல தேறிடுவாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சு பாடம் போட்டா அவங்க மனசும் கெடும், உங்க காசும் போகும்.

மிஷின் யார் பேர்ல இருக்கும்னு அடுத்த கேள்வி வரும். கம்பெனி பேர்ல வேண்டாம். சி.எஸ்.ஆர். விதிய 2021-ல திருத்துனப்பவே தெளிவாச் சொல்லிட்டாங்க, சி.எஸ்.ஆர். காசுல வாங்குற சொத்து பயனாளிகளோட சுயஉதவிக்குழு பேர்லயே இருக்கலாம்னு. அதனால டிரையர் மகளிர் குழு பேர்ல இருக்கட்டும், மூட்டைக்கு இவ்வளவுன்னு விவசாயிகிட்ட வாங்கட்டும், அவங்களே சம்பளம் எடுத்துக்கட்டும். உமிதான் எரிபொருள், அதுக்கு இங்க பஞ்சமில்ல. நெல் சீசன் முடிஞ்சா சும்மா நிக்குமேன்னு கேப்பாங்க, நிக்க வேண்டியதில்ல. சம்பா அறுத்த தரிசுல உளுந்தும் பயறும் வருது, அதுவும் காயணும், அத வாங்கத்தான் உங்க கூட்டத்துலயே ஒரு மாவு கம்பெனி இருக்கே.

மூணு கம்பெனி சேந்து பண்ண சட்டம் எடம் குடுக்குமான்னு உங்க ஃபைனான்ஸ் ஆளு கேட்டா, குடுக்குது. கூட்டா பண்ணிட்டு அவங்கவங்க பங்கத் தனியா கணக்குக் காட்டலாம்னு 2014 விதியிலயே இருக்கு. மார்ச் 31-க்குள்ள செலவு பண்ணணும்னு அவசரப்பட்டு பேக்கும் தண்ணி பாட்டிலும் வாங்காதீங்க, தொடர் திட்டம்னு போட்டா ஆரம்பிக்கிற வருஷம் போக இன்னும் மூணு வருஷம் வரைக்கும் கொண்டு போகலாம்.

ஆனா ஒண்ணு, காச மட்டும் சேத்தா அது கூட்டு இல்ல. மூணு பேரும் தன்கிட்ட இருக்கறதக் கொண்டு வரணும். டிராக்டர் கம்பெனி அவங்க மெக்கானிக்க அனுப்பணும், ஊர்ப் பொண்ணுங்க பசங்களுக்கு ரிப்பேர் கத்துக்கொடுக்கணும், ஸ்பேர் பார்ட்ஸ் மன்னார்குடியிலயே கிடைக்க வழி பண்ணணும். மாவு கம்பெனி இவ்வளவு டன் இந்தத் தரத்துல எடுத்துக்குறேன்னு எழுத்துல தரணும், நாலு வருஷத்துக்கு. பயிற்சிக்குக் காசு தரேன், சரக்க வேற எடத்துல வாங்கிக்கிறேன்னா அவங்க உள்ள வர வேண்டியதில்ல. நீங்க ஆப் பண்றத விட்டுட்டு, எந்த ஊர்ல எந்தத் தேதி எத்தன ஏக்கர் அறுப்பு, எந்த டி.பி.சி.யில எத்தன மூட்டை காத்திருக்கு, எந்த டிரையர் காலி, இது மூணையும் ஒரு போன் காலுக்குச் சொல்ற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணிக் குடுங்க, அதுக்கு ஸ்மார்ட்போன் கூட வேண்டாம்.

போட்டிக் கம்பெனிங்க ஒண்ணா வேலை பாக்குமான்னு சந்தேகம் வந்தா திருப்பூரப் பாருங்க. சாயக்கழிவு நொய்யல் ஆத்துல கலந்து ஒரத்துப்பாளையம் அணை கெட்டுப்போச்சு, அந்த நொய்யல் கரூர் பக்கம் நம்ம காவிரியிலதான் சேருது. 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறைய எல்லாம் மூடச் சொன்னதுக்கப்புறம், சொட்டுக் கழிவு வெளியே விடக்கூடாதுங்குற நெலமையில, ஆர்டருக்கு அடிச்சுக்கிட்ட அதே ஆளுங்க பொது சுத்திகரிப்பு நிலையங்கள சரி பண்ணி ஓட்டுனாங்க, தண்ணிய திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் கத்துக்கிட்டாங்க. அவங்களுக்குக் கோர்ட்டு உத்தரவு தேவைப்பட்டுச்சு, நல்ல மனசுல ஆரம்பிக்கல, அதுக்குள்ள கீழ இருந்த விவசாயி பட்ட பாடு கொஞ்சமில்ல. உங்களுக்கு அப்படி யாரும் கழுத்தப் பிடிக்கல, அதனாலதான் மாவு கம்பெனிக்கு நல்ல சரக்கு, டிராக்டர் கம்பெனிக்கு மார்க்கெட்டுன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொந்தத் தேவையோட முடிச்சுப் போடுங்கன்னு சொல்றேன். தர்மமா மட்டும் பண்ணா எம்.டி. மாறுன மறுநாள் நின்னுடும்.

சின்ன வயசுக்காரங்களுக்கு வேற வழியும் இருக்கு. 30 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற நிறுவனம் 2.5 சதவீதத்துக்குக் குறையாம அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும், உதவித்தொகையில ஒரு பங்க அரசாங்கமே தர திட்டமும் இருக்கு. ட்ரோன்ல மருந்தடிக்கிறதுக்கு 15,000 மகளிர் குழுவுக்குன்னு 2023-ல மத்திய அரசு திட்டம் போட்டு ட்ரோன் வெலையில 80 சதவீதம், 8 லட்சம் வரைக்கும், மானியம் அறிவிச்சுச்சு, உரக் கம்பெனிங்க மூலமா அத நடத்துனாங்க. நல்ல திட்டம், ஆனா ஒரு ஊருக்கு ஒரு பொண்ணுக்குத்தான் வேலை. நான் பேசுறது அந்தப் பொண்ணோட அம்மாவப் பத்தி, எந்தத் திட்டத்துலயும் வயசு தாண்டிப்போன அவங்களப் பத்தி.

கடைசியா, 500 பேர விடுங்க. ஒரு டிரையர், ஒரு குழு, இருபது பேருக்குள்ள, ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் முழுசா ஓட்டிப் பாருங்க. கரண்ட்டு எப்ப போகுது, லாரி உள்ள வர ரோடு இருக்கா, கடன் சொல்லிட்டுப் போற விவசாயிய எப்படி சமாளிக்கிறது, இதெல்லாம் அப்பதான் தெரியும். மேலிடம் 500 கேட்டா, இருபது பேருக்கு வருஷம் முழுக்க வேலைன்னு தைரியமா எழுதிக் குடுங்க.

மத்த ரெண்டு கம்பெனியும் சம்மதிச்சா எனக்கு மெயில் போடுங்க. மன்னார்குடி பக்கம் மிஷின் ஓனருங்க ரெண்டு பேரு, டி.பி.சி. லோடுமேன் ஒருத்தரு, நெல் அவிச்சு வித்துக்கிட்டிருந்த ஒரு அம்மா, நாலு பேரையும் எனக்குத் தெரியும், உக்காந்து பேச ஏற்பாடு பண்றேன். சம்பா அறுப்பு நடக்குறப்பவே வந்துடுங்க, முடிஞ்சிடுச்சுன்னா மிஷின்காரங்க அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவாங்க. உங்க டிராக்டர் கம்பெனியிலேர்ந்து ஆபீஸர வேண்டாம், ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வாங்க.