தலையில் வட்டச் சொட்டை: மொட்டை போட்டால் போகுமா?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி கொட்டிவிட்டது. செதில் உதிர்கிறது, சொறிந்துகொண்டே இருக்கிறான். புழுவெட்டு என்று மாமியார் சின்ன வெங்காயம் தேய்த்தார். மருந்துக்கடைக் களிம்பும் மூன்று வாரம் போட்டாயிற்று. திருவந்திபுரத்தில் மொட்டை போட்டால் சரியாகுமா?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பையனை வெளிச்சத்தில் உட்காரவைத்து அந்த இடத்தைப் பாருங்கள். புழுவெட்டு என்றால் தோல் வழுவழுவென்று இருக்கும். செதில் இருக்காது, பெரிதாக அரிக்காது. செதிலோடு, முடி தோல்மட்டத்தில் ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் படர்தாமரைதான். உடம்பில் வரும் அதே பூஞ்சை வகை, தலையில் வந்திருக்கிறது.

களிம்பு ஏன் கேட்கவில்லை? பூஞ்சை முடியின் வேருக்குள் இருக்கிறது. மேலே பூசுவது அங்கே போய்ச் சேராது. ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருந்தால் இன்னும் வம்பு: நாலு நாள் அரிப்பு அடங்கும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வெங்காயம் வேண்டவே வேண்டாம், எரிச்சல்தான் மிச்சம்.

உள்ளுக்குத்தான் மருந்து. ஜிப்மர் தோல் பிரிவிலோ பக்கத்துத் தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். செதிலையும் ஒடிந்த முடியையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பிறகு எடைக்குத் தகுந்தபடி கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின் தருவார்கள். முதலாவது என்றால் 6 முதல் 8 வாரம் ஆகும். கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். பால் குடித்ததும் கொடுங்கள், அல்லது இட்லிப்பொடியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிச் சாப்பிட்ட பிறகு. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

மொட்டை உங்கள் வேண்டுதல். நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அது வைத்தியம் ஆகாது, வேர் உள்ளேயேதான் இருக்கும். குணமான பிறகு போடுங்கள், புது பிளேடு கேட்டு வாங்குங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். அந்த இடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் கோத்தால் கட்டி என்று நினைத்துக் கீறிவிடாதீர்கள். அதுவும் இதே பூஞ்சையின் வேலைதான். உடனே மருத்துவரிடம் போங்கள். தாமதித்தால் தழும்பாகி அங்கே முடி முளைக்காமலே போகலாம்.

மருந்து தொடங்கியதும் பள்ளிக்கு அனுப்பலாம். சீப்பு, துண்டு, தலையணை தனியாக இருக்கட்டும். வாரம் இரண்டு முறை கீட்டோகொனசோல் ஷாம்பு போட்டால் மற்றவர்களுக்குப் பரவுவது குறையும். கூடப் பிறந்தவர்கள் தலையையும் பாருங்கள். அப்புறம், வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறதா? அதற்கும் திட்டுத்திட்டாக முடி உதிர்ந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.