நடிகரே இல்லாத படத்துக்கு எதற்கு இத்தனை கோடி?

கேள்வி: காங்கேயம் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை 90 நிமிடக் கம்ப்யூட்டர் அனிமேஷன் படமாக எடுக்க ஆசை. சென்னையில் ஒரு கம்பெனி 22 கோடி, இரண்டரை வருடம் என்றது. உறவினர் ஒருவர் அழைத்து வந்த ஒருங்கிணைப்பாளர் இரண்டரைக் கோடியில் 14 மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். மாடலிங் தொடங்க 25 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். நடிகர் சம்பளம், கேரவன், வெளியூர் ஷூட்டிங் எதுவும் இல்லாத படத்துக்கு 22 கோடி எதற்கு? யார் சொல்வது உண்மை?

பதில்: முதலில், அந்த 25 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நடிகர் சம்பளம் இல்லை என்பது சரிதான். ஆனால் நடிகர் சும்மா நின்றாலே திரையில் கிடைக்கிற எல்லாவற்றையும் இங்கே யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். கண் இமைப்பது, மூச்சில் தோள் ஏறி இறங்குவது, நடக்கும்போது வேட்டி மடிப்பு அசைவது என எதுவும் தானாக வராது.

ஒரு கணக்குப் போடுவோம். 90 நிமிடம் என்றால் 5,400 நொடி. தியேட்டர் தரத்தில் வேலை செய்யும் நல்ல அனிமேட்டர் ஒருவர் வாரத்துக்கு ஏறக்குறைய நான்கு நொடிதான் முடிப்பார். அப்படியென்றால் 1,350 ஆள்-வாரம், கிட்டத்தட்ட 310 ஆள்-மாதம். மாதச் சம்பளம் ஐம்பதாயிரம் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டது. இது உருவங்களை அசைப்பவர்களுக்கு மட்டும். அவற்றைச் செய்கிற மாடலிங் ஆட்கள், உள்ளே எலும்பும் மூட்டும் வைக்கிற ரிக்கிங் ஆட்கள், தோலும் துணியும் பூசுகிற டெக்ஸ்சர் ஆட்கள், லைட்டிங், தண்ணீர், புகை, தனித்தனியாகச் செய்ததை ஒரே படமாகச் சேர்க்கிற காம்ப், எடிட்டிங், குரல், இசை யாருக்கும் இன்னும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. உங்கள் ஒருங்கிணைப்பாளரின் இரண்டரைக் கோடியில் இவர்கள் எல்லோருக்கும் மிச்சம் ஒரு கோடிக்கும் குறைவு. அதில் அவருடைய கமிஷனும் அடக்கம்.

அதற்காக 22 கோடி நியாயமான விலை என்று சொல்லிவிடவில்லை. அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆனால் இரண்டு பேரில் கணக்கே போடாமல் பேசுபவர் யார் என்பது தெரிந்துவிட்டது.

செலவு எங்கே போகிறது என்பதை உங்கள் கதையிலேயே பார்க்கலாம். சண்டைக்குக் கிளம்பும் இளையவன் சங்கருக்குத் தங்கை தங்காள் சொம்பில் தண்ணீர் கொடுக்கிறாள். ஐந்து நொடி ஷாட். சினிமாவில் இதை ஒரு காலை நேரத்தில் எடுத்துவிடுவார்கள். அனிமேஷனில் ஸ்டோரிபோர்டு வரைந்து, கேமரா எங்கே என்று லேஅவுட் போட்டு, சொம்பைச் செய்து, பத்து விரலும் அதைப் பிடிப்பதைச் சரிசெய்து, சேலைத் தலைப்பு விழுவதைத் தனியாக, தண்ணீர் ஊற்றுவதைத் தனியாக, அது அவன் மீசையில் பட்டுச் சொட்டுவதை இன்னும் தனியாகச் செய்து, வெளிச்சம் வைத்து, கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃப்ரேமாகக் கணக்கிட்டுப் படமாக்கும்படி ரெண்டர் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஏழெட்டுப் பேர் கைமாறி வருகிறது அந்த ஐந்து நொடி.

எல்லாம் முடிந்த பிறகு நீங்கள் பார்த்துவிட்டு, "சொம்பு கொஞ்சம் பெரியதாக இருந்தால் நன்றாக இருக்குமே" என்கிறீர்கள். ஷூட்டிங்கில் ஆர்ட் அசிஸ்டென்ட் வேறு சொம்பு எடுத்து வந்து கொடுத்துவிடுவார். இங்கே சொம்பு பெரிதானால் விரல் பிடி மாறும், கை உயரம் மாறும், தண்ணீர் விழும் வேகம் மாறும், மீசையில் சொட்டுவது மாறும், ரெண்டர் மறுபடி ஓடும். நெல்லை அவித்துக் காயவைத்து அரைத்து மூட்டை கட்டிய பிறகு "பச்சரிசியாகவே கொடுத்துவிடுங்களேன்" என்று ஒருவர் உங்கள் ஆலைக்கு வந்து கேட்டால் எப்படி இருக்கும்? எங்கள் தொழிலில் இதன் பெயர் கரெக்‌ஷன். அனிமேஷன் படத்தின் பட்ஜெட்டைத் தின்பது பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவிலும் கதை இதேதான். டிஸ்னியின் 'டாங்கில்ட்' படத்துக்கு 26 கோடி டாலர் ஆனதாகச் சொல்லப்பட்டது. பல வருடம் வேறு வேறு வடிவில் வளர்த்து, கலைத்து, மறுபடி தொடங்கிய படம் அது. அதே 2010-ல் வந்த 'டெஸ்பிகபிள் மீ' கிட்டத்தட்ட 7 கோடி டாலரில் முடிந்தது. அனிமேஷன் வேலை பாரிஸில் நடந்தது, கதையையும் கையை மீறிப் போக விடவில்லை. இரண்டும் கம்ப்யூட்டரில் செய்தவைதான். 'டாய் ஸ்டோரி 2' படத்தையோ, வெளியீட்டுத் தேதிக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது கதை சரியில்லை என்று பெரும்பகுதியை மறுபடி செய்தார்கள்.

கம்ப்யூட்டர் செலவையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 1,29,600 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமை ரெண்டர் செய்ய ஒரு மணி நேரம் என்றால் ஒரே மெஷினில் 5,400 நாள், நூறு மெஷின் இருந்தால் 54 நாள். கரெக்‌ஷன் வந்தால் மறுபடி. மெஷின் வேகமாகிக்கொண்டே வருகிறதே, இது குறையாதா என்பீர்கள். 1995-ல் 'டாய் ஸ்டோரி'க்கு 117 கம்ப்யூட்டர்கள், ஒரு ஃப்ரேமுக்கு முக்கால் மணி முதல் 30 மணி நேரம் வரை ஆனது. 2013-ல் 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி'க்கு ஆயிரக்கணக்கில் மெஷின்கள் இருந்தும் சராசரியாக ஒரு ஃப்ரேமுக்கு 29 மணி நேரம் என்றார்கள். மெஷின் வேகமாக வேகமாக, நாம் அதில் கூடுதலாகத் தலைமுடியும் வெளிச்சமும் ஏற்றிவிடுகிறோம்.

அப்புறம் புரோக்கர்கள். ஒருங்கிணைப்பாளர், புராஜெக்ட் ஹெட், கிரியேட்டிவ் கன்சல்டன்ட் என்று எந்த விசிட்டிங் கார்டோடு வந்தாலும் வேலை ஒன்றுதான். உங்களிடம் நிமிடக் கணக்கில் ஒரு விலை பேசி, அதைப் பாதி விலைக்கு ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குத் தள்ளுவார். அவர்கள் இன்னும் சின்ன இடத்துக்குத் தள்ளுவார்கள். கடைசியில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் ஏதோ ஒரு பயிற்சி நிலையத்துப் பிள்ளைகள் உங்கள் கதையின் மூத்தவர் பொன்னரை நடக்கவைத்துக்கொண்டிருப்பார்கள். பொன்னர் நடப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கால் தரையில் சறுக்கும்.

அட்வான்ஸில் பெரும்பகுதியை ஒரு நிமிட டீசரில் கொட்டிப் பிரமாதமாகக் காட்டுவது இன்னொரு வழக்கம். அந்தத் தரத்தில் மீதி 89 நிமிடம் வரவே வராது. ஆனால் டீசரைப் பார்த்த சந்தோஷத்தில் நீங்கள் அடுத்த செக்கில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பழைய வேலை என்று காட்டுகிற மாதிரி ரீலும் அவர்களுடையதா என்று பாருங்கள். எந்த ஷாட்டில் எந்த வேலையை யார் செய்தார் என்று கேட்டால், உண்மையாகச் செய்தவர் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்.

நடிகருக்குத் தனி உடை மாட்டி அவர் அசைவைக் கம்ப்யூட்டரில் பதிகிற மோஷன் கேப்சர் வைத்தால் அனிமேட்டரே வேண்டாம் என்பார்கள். 'கோச்சடையான்' கேப்சர் ஷூட்டிங் 2012-ல் லண்டனில் தொடங்கியது, படம் வந்தது 2014 மே மாதம். நடுவில் போன காலமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களுடையது. உங்கள் கதையில் குதிரையும் கொம்பன் பன்றியும் வேறு இருக்கின்றன, அந்தப் பன்றிக்கு யார் கேப்சர் உடை மாட்டுவது? ஏஐ செய்துவிடும் என்பவரிடம், தங்காள் முகம் மாறாமல் முந்நூறு ஷாட், அதில் பத்தாவது ஷாட்டில் மூக்குத்தியை மட்டும் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இவர்கள் எல்லோரும் இப்போது கையில் வைத்திருக்கும் துருப்புச்சீட்டு 'ஃப்ளோ'. உங்கள் ஒருங்கிணைப்பாளரும் சொல்லியிருப்பார். ஒரு பூனையைப் பற்றி லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய அனிமேஷன் படம். ஏறக்குறைய 35 லட்சம் யூரோவில், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்து, 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. உண்மைதான், நல்ல படமும்கூட. ஆனால் அது எப்படி மலிவாக முடிந்தது என்று பாருங்கள். படத்தில் ஒரு வசனம் கிடையாது, உதடு அசைவே இல்லை. மனிதர்களே இல்லை, எனவே துணியும் நகையும் தலைமுடியும் இல்லை. பூனையின் ரோமத்தை ஒவ்வொரு முடியாகச் செய்யாமல் தூரிகைத் தீற்றல் மாதிரி விட்டிருக்கிறார், அது அழகாகவும் இருக்கிறது. ரெண்டரும் ஃப்ரேமுக்குச் சில நொடிகளில் முடியும்படி முதலிலேயே திட்டமிட்டார். இயக்குநரே திரைக்கதையில், கேமராவில், இசையில் கைவைத்தவர். அதற்கு முந்தைய முழுநீளப் படத்தைத் தனி ஆளாகவே செய்து முடித்தவர். 'ஃப்ளோ'வுக்கு ஐந்து வருடத்துக்கும் மேல் உழைத்தார். லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் சேர்ந்த கூட்டுத் தயாரிப்பு, அரசு நிதியும் வந்தது. இன்னொன்று, 35 லட்சம் யூரோ என்பதே நம் பணத்தில் முப்பது கோடிக்கு மேல்! அதைச் சொல்லி இரண்டரைக் கோடிக்கு ஆள் பிடிக்கிறார்கள். உங்கள் கதையில் படுகளம் இருக்கிறது, படைகள் இருக்கின்றன, ஒப்பாரி இருக்கிறது. மென்பொருள் இலவசம் என்பதால் மிச்சமாவது லைசென்ஸ் பணம் மட்டும்தான்.

குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்கிற ஸ்டுடியோ பாதியில் மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். பேசிய தொகைக்குள் முடிக்க வேண்டும், கரெக்‌ஷன் மட்டும் வந்துகொண்டே இருக்கும் என்ற ஏற்பாட்டில் நல்ல ஸ்டுடியோக்களே தாங்குவதில்லை. 'லைஃப் ஆஃப் பை' புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது, அதே மாதம் அந்தப் படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

வங்கிக் கடன் கிடைக்குமா என்று கேட்க நினைத்திருப்பீர்கள். சினிமாவைத் தொழில் என்று மத்திய அரசு அறிவித்தது 1998-ல். இன்றைக்கும் மேனேஜர் கேட்பது நிலப் பத்திரத்தைத்தான். ஹீரோ பெயர் இல்லாததால் விநியோகஸ்தரிடமும் முன்பணம் பெயராது. அனிமேஷனை வளர்க்கப் பணிக்குழு என்று 2022 பட்ஜெட்டில் சொன்னார்கள். வெளிநாட்டுத் தயாரிப்பு இங்கே வந்து வேலை செய்தால் செலவில் 40 சதவீதம் வரை, 30 கோடி உச்சவரம்பில் ஊக்கத்தொகை உண்டு. நம் ஊர்க் கதையை நம் ஊர்ப் பணத்தில் எடுக்க வருகிற உங்களுக்கு முதலில் வருவது 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில். இதற்கு மேல் எழுதினால் கோபம்தான் வரும், விடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மாடலிங்குக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். திரைக்கதையை முடித்து, நல்ல ஸ்டோரிபோர்டு ஆர்ட்டிஸ்ட் இரண்டு மூன்று பேரை நேரடியாக வைத்து முழுப் படத்தையும் வரைந்து, தற்காலிகக் குரல் போட்டு, அந்த ஓவியங்களை வரிசையாக ஓட்டும் 90 நிமிட அனிமேட்டிக்காகப் பாருங்கள். சொம்பின் அளவை மாற்ற வேண்டுமென்றால் அங்கே மாற்றுங்கள், அங்கே அது ஒரு ரப்பர் வேலை. எத்தனை ஷாட், எத்தனை குதிரை, தண்ணீர் எத்தனை இடம், கூட்டம் எத்தனை இடம் என்று எண்ணி, அந்தப் பட்டியலோடு கோட்டேஷன் கேளுங்கள். பட்டியல் இல்லாமல் விலை சொன்ன இருவருமே குத்துமதிப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் விடக் கூடாது. மாதக் கணக்கில் பணம் வேண்டாம், நீங்கள் ஒப்புக்கொண்ட கட்டத்துக்குக் கட்டம் கொடுங்கள். எத்தனை கரெக்‌ஷன் விலைக்குள் அடக்கம் என்று எண் போட்டு எழுதுங்கள். கட்டம் முடிய முடிய மாடல், ரிக், டெக்ஸ்சர் உட்பட மூல ஃபைல்கள் அனைத்தும் உங்கள் ஹார்டு டிஸ்க்குக்கு வர வேண்டும். வெறும் வீடியோ ஃபைலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் ஸ்டுடியோ மாறும்போது தங்காளை முதலிலிருந்து செய்ய வேண்டியதாகிறது. வாங்கும்போதே வேறொரு ஆளை வைத்து ஃபைல்கள் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தவணையைக் கொடுங்கள்.