கயிறு திருப்பி உதைத்தால் ரைமிங்கைத் திருக வேண்டாம், முதலில் உச்சியைக் கண்டுபிடியுங்கள்

குச்சவெளியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: “எங்கள் பைபர் படகில் யமஹா 40 குதிரைவலு எஞ்சின் ஓடுகிறது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ரோக், சி.டி.ஐ. பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிறோம். சார்ஜ் கொயில் மாற்றுவதற்காகப் பிளைவீலைக் கழற்றிப் பூட்டினோம். அதன் பிறகு கயிறு இழுத்தால் கையைத் திருப்பி உதைக்கிறது. முழு வேகத்தில் உள்ளே டக் டக் என்று தட்டுகிறது, ஓட்டமும் குறைந்துவிட்டது. ரைமிங்கைக் கொஞ்சம் கூட்டினால் வேகம் வரும் என்கிறார்கள். நாங்களே செய்யலாமா?”

ரைமிங், அதாவது பிஸ்ரன் தன் ஓட்டத்தின் உச்சிக்கு வர எத்தனை பாகை முன் தீப்பொறி விழுகிறது என்பதைப் பார்க்கும் வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் கூட்டக்கூடாது. கயிறு திருப்பி உதைப்பதும் பாரத்தில் தட்டுவதும், தீப்பொறி ஏற்கெனவே வேளைக்கு முன்பே விழுகிறது என்பதன் அடையாளங்கள். அதை இன்னும் முன்னே தள்ளினால் பிஸ்ரன் தலையில் ஓட்டை விழும்.

மின்னணுப் பெட்டியால் தீப்பொறி கொடுக்கும் சி.டி.ஐ. எஞ்சினில் ரைமிங் தானாக மாறுவது அரிது. திறந்து மூடித் தேய்ந்துபோகும் தொடுமுனையான பொயின்ற் அதில் கிடையாது. மாறியிருந்தால் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் காரணம் இருக்கும்: பிளைவீல் தண்டில் நகர்ந்திருக்கும், மக்னெற் பேஸை (பிளைவீலுக்குக் கீழே கொயில்கள் பூட்டிய தட்டு) இழுக்கும் இணைப்புக் கம்பியின் நீளம் மாறியிருக்கும், அல்லது அந்தப் பேஸ் முட்டி நிற்கும் ஸ்ரொப்பர் திருகு இளகியிருக்கும். பிளைவீலைக் கழற்றிப் பூட்டிய பிறகு வந்த கோளாறு என்பதால் உங்கள் எஞ்சினில் முதல் சந்தேகம், தண்டுக்கும் பிளைவீலுக்கும் இடையில் செருகும் உலோகத் துண்டான பிளைவீல் கீ மேல்தான்.

அந்த அரைவட்டக் கீ சிறியது, அதன் கணக்கு பெரியது. கூம்புத் தண்டின் விட்டம் 25 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், கீ 1 மில்லிமீற்றர் வெட்டுப்பட்டு விலகினாலே ரைமிங் நாலரைப் பாகைக்கு மேல் மாறிவிடும். புரொப்பெலர் கல்லில் அடிபட்டு எஞ்சின் சட்டென்று நிற்கும்போது தண்டு நின்றுவிடும், பாரமான பிளைவீல் தன் வேகத்தில் ஒரு நூல் முன்னே போகும். காந்தமும் சேர்ந்து முன்னே போவதால் தீப்பொறி முந்திவிடும். நட்டைப் போதிய இறுக்கம் இல்லாமல் பூட்டினாலும், கூம்பில் எண்ணெய்ப் பசையோ துருவோ இருக்கப் பூட்டினாலும் இதே கதிதான். பிளைவீலைப் பிடித்து வைத்திருப்பது கூம்பின் இறுக்கம். கீ அதைச் சரியான இடத்தில் உட்கார வைப்பதற்கு மட்டுமே, சுமையைத் தாங்குவதற்கு அல்ல.

பலர் தவறுவது இங்கேதான். தீப்பொறி விழும் கணத்தில் மின்னும் ரைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்து, கோடு சரியாக நிற்கிறது, ஆகவே ரைமிங் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிளைவீல் நகர்ந்திருந்தால் அதில் கொத்திய கோடும் காந்தமும் ஒன்றாகவே நகர்ந்திருக்கும். கோட்டுக்கும் தீப்பொறிக்கும் இடையிலான உறவை மட்டுமே லைட் காட்டும். பிஸ்ரன் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே லைட்டைக் கையில் எடுக்கும் முன் பிஸ்ரனின் உண்மையான உச்சியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கில் சுவிச்சின் கயிற்றைக் கழற்றுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களின் முனையை எஞ்சின் உடம்போடு பூமிப்படுத்துங்கள். முனையைத் தொங்கவிட்டுப் பிளைவீலைச் சுற்றினால் மின்சாரம் போக வழியில்லாமல் கொயிலையும் சி.டி.ஐ. பெட்டியையும் பழுதாக்கலாம். பிளைவீலை மேலிருந்து பார்க்கும்போது மணிக்கூட்டு முள் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் கீழே தண்ணீர்ப் பம்பின் றப்பர் இம்பெல்லர் இதழ்கள் மறுபக்கம் மடங்கும்.

அசைவை மில்லிமீற்றரில் காட்டும் டயல் கேஜ் இருந்தால் மேல் சிலிண்டரின் பிளக் துவாரத்தில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த வெற்று உடம்பைத் துவாரத்தில் பூட்டி, அதனூடாக ஒரு சைக்கிள் ஸ்போக்கை விடலாம். ஸ்போக்கின் வளைந்த தலை வெளியே நிற்பதால் அது உள்ளே விழாது. ஈர்க்கு, தும்புத்தடிக் குச்சி போன்றவற்றை விடவே வேண்டாம், முறிந்தால் சிலிண்டர் தலையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். இந்த எஞ்சினில் சிலிண்டர் படுத்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஸ்போக் தன் பாரத்தில் பிஸ்ரனைத் தொடர்ந்து போகாது, விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

உச்சியில் பிஸ்ரன் சில பாகைகளுக்கு அசையாததுபோல நிற்கும். அதனால் ‘இதுதான் உச்சி’ என்று கண்ணால் பிடித்தால் மூன்று நான்கு பாகை பிழைக்கும். இப்படிச் செய்யுங்கள்: பிஸ்ரன் உச்சிக்கு வர 10 மில்லிமீற்றர் இருக்கும்போது, எஞ்சின் உடம்பில் நிலையாக நிற்கும் சுட்டி முள்ளுக்கு நேரே பிளைவீலில் ஒரு கோடு போடுங்கள். அதே திசையில் தொடர்ந்து சுற்றி, உச்சியைத் தாண்டி 10 மில்லிமீற்றர் இறங்கியதும் இரண்டாவது கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. 10 மில்லிமீற்றர் ஆழத்தில் பிஸ்ரன் வேகமாக ஓடும், அதனால் அளவில் சிறு பிழை வந்தாலும் கோணத்தில் பெரிதாகத் தெரியாது. பிளக் துவாரம் சாய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு சாய்வதால் நடுப்புள்ளி மாறாது.

இப்போது அந்த நடுப்புள்ளி சுட்டி முள்ளுக்கு நேரே நிற்கும்படி பிளைவீலை வைத்து, கம்பனி கொத்திய உச்சிக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வித்தியாசத்தைப் பாகையாக்க, பிளைவீலின் சுற்றளவைத் தையல் நாடாவால் அளந்து 360ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 630 மில்லிமீற்றர் என்றால் ஒரு பாகை 1.75 மில்லிமீற்றர். கோடு 7 மில்லிமீற்றர் தள்ளி நின்றால் 4 பாகை பிழை. சுட்டி முள் வளைந்திருந்தாலும் இப்படித் தெரியும். ரிகொயில் ஸ்ரார்ட்டரைக் கழற்றும்போது முள்ளில் தட்டுப்பட்டு வளைவது வழக்கம். முள் நேராக இருந்தும் கோடு தள்ளி நின்றால் பிளைவீலைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

கழற்றுவதற்குப் புல்லர், அதாவது இழுத்துக் கழற்றும் கருவி வேண்டும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் புரி நசுங்கும், உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் கழரும். கீயை விரலில் எடுத்துப் பாருங்கள். பக்கச் சுவரில் படிபோல ஒரு வெட்டுத் தெரிந்தால் அது அரைகுறையாக அறுந்த கீ. அதைத் தேய்த்து மட்டமாக்கித் திரும்பப் போடக்கூடாது, புதிதே வேண்டும், அதுவும் அந்த மொடலுக்குரியது. கூம்பையும் பிளைவீலின் உள்வாயையும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து முழுதாகக் காய விடுங்கள். கிறீஸ் பூசக்கூடாது. நட்டைக் கைப்புத்தகம் சொல்லும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இந்த ஒரு கருவியை இரவல் வாங்கியாவது பாவிக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடக்கூடும். முடியாவிட்டால்தான் மேலே போக வேண்டும்.

இந்த வகை எஞ்சினில் துரொட்டிலைத் திருப்பும்போது காபரேற்றர் மட்டும் திறப்பதில்லை, பிளைவீலுக்குக் கீழே இருக்கும் மக்னெற் பேஸும் ஒரு கம்பியால் இழுபட்டுச் சுழல்கிறது. அதனால்தான் வேகம் கூடக் கூடத் தீப்பொறி முந்துகிறது. 5000 சுற்றில் எஞ்சின் ஓடும்போது 22 பாகை கடக்க ஒரு மில்லி செக்கனில் முக்கால் பங்குகூட ஆகாது. 800 சுற்றில் அதே 22 பாகைக்கு நாலரை மில்லி செக்கன் கிடைக்கிறது. வாயு எரிந்து அழுத்தம் எழும்பத் தேவையான நேரம் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஆகவே வேகத்தில் முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும், ஐடிலில் உச்சியை ஒட்டிப் பற்றவைத்தால் போதும்.

முழு அட்வான்ஸ், அதாவது முழு வேகத்தில் தீப்பொறி முந்தும் அளவு, எத்தனை பாகை என்பது மொடலுக்கு மொடல் வேறு. உங்கள் மொடலின் சர்விஸ் புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டுமே எடுங்கள், பக்கத்துப் படகின் எண் உதவாது. அது 22 என்று வைத்துக்கொள்வோம். பிளைவீலைச் சுற்றி, உச்சிக்கு முன் 22 என்ற கோடு முள்ளுக்கு நேரே வரும்போது நிறுத்துங்கள். துரொட்டிலை முழுதாகத் திறந்து, பேஸ் தன் ஸ்ரொப்பரில் முட்டும்படி பிடியுங்கள். பேஸில் உள்ள அடையாளம் பிளைவீலில் உள்ள அடையாளத்தோடு நேராக வர வேண்டும். வராவிட்டால் ஸ்ரொப்பரையோ கம்பியின் நீளத்தையோ மாற்ற வேண்டும், எதை மாற்றுவது என்பது மொடலைப் பொறுத்தது. கம்பியின் புரி 6 மில்லிமீற்றர் வகை என்றால் ஒரு முழுச்சுற்றுக்கு 1 மில்லிமீற்றர் நகரும். பேஸின் மையத்திலிருந்து 70 மில்லிமீற்றர் தள்ளி அது பூட்டப்பட்டிருந்தால், அந்த ஒரு சுற்றுக்கு ரைமிங் 0.8 பாகை மாறும். ஆகவே அரைச்சுற்று அரைச்சுற்றாகப் போங்கள். முடிவில் லொக் நட்டை இறுக்கி, கம்பி நுனியில் உள்ள பிளாஸ்ரிக் கப் ஆடுகிறதா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். கப் தேய்ந்திருந்தால் எவ்வளவு கவனமாக வைத்தாலும் அளவு நிற்காது.

ஐடில் பக்கத்து ஸ்ரொப்பரும் இதே முறைதான். அதன் பிறகு, பேஸ் நகரத் தொடங்குவதும் காபரேற்றர் திறக்கத் தொடங்குவதும் புத்தகம் சொல்லும் இடத்தில் சந்திக்கின்றனவா என்று பார்க்க மறக்க வேண்டாம். காபரேற்றர் முந்தித் திறந்தால் கைப்பிடியைத் திருப்பும்போது எஞ்சின் மூச்சடைத்து நின்று பிறகு எழும்பும்.

லைட்டின் முறை இப்போதுதான் வருகிறது. கோடுகளில் வெள்ளை நகப்பூச்சை மெல்லிதாகத் தடவுங்கள், நிழலில் அல்லது மாலையில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். எஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய பெரிய தாங்கியில் வைத்து ஐடில் அளவைப் பார்க்கலாம். பாரமில்லாமல் முழு வேகத்துக்கு ஏற்றவே கூடாது. சாரம் கட்டிக்கொண்டு திறந்த பிளைவீலுக்குப் பக்கத்தில் குனியாதீர்கள், துணி நுனி சுற்றிக்கொண்டால் கை தப்பாது. இரண்டு சிலிண்டரையும் தனித்தனியே பாருங்கள், கீழ்ச் சிலிண்டரின் தீப்பொறி 180 பாகை தள்ளி விழ வேண்டும். ஒன்று சரியாக இருந்து மற்றது சில பாகை விலகினால் கம்பியில் கை வைக்காதீர்கள், தீப்பொறி விழும் வேளைக்குச் சைகை கொடுக்கும் பல்சர் கொயிலைச் சோதியுங்கள்.

பொயின்ற் உள்ள பழைய எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். இடைவெளி கூடினால் ரைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். ஆகவே பொயின்ற் அளவைச் சரிசெய்யாமல் பேஸைத் திருப்புவது வீண்வேலை.

மண்ணெண்ணெய் விடயத்துக்கு வருவோம். இதில்தான் எங்கள் கரையில் அதிக பிஸ்ரன்கள் போகின்றன. மண்ணெண்ணெயின் ஒக்டேன் (தட்டாமல் அழுத்தத்தைத் தாங்கும் திறனின் எண்) பெற்றோலைவிட மிகக் குறைவு. இங்கே கிடைக்கும் பெற்றோல் 92, 95. மண்ணெண்ணெய் அந்தப் பக்கமே வராது. சுடரின் முனை எட்டுவதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தில் தானாக வெடிக்கிறது. நீங்கள் கேட்கும் டக் டக் சத்தம் அதுதான். மண்ணெண்ணெய்க்கென்றே வந்த யமஹா மொடல்களின் பெயரில் ‘கே’ எழுத்து சேர்ந்திருக்கும். அவற்றில் அமுக்கம் குறைவாக இருக்கும்படி தலையையே வேறாகச் செய்திருப்பார்கள். எஞ்சினைப் படகில் பிடிக்கும் பிராக்கெற்றில் உள்ள தகட்டைத் துடைத்து உங்கள் மொடல் எது என்று பாருங்கள். பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டு ரைமிங்கையும் பெற்றோல் எண்ணிலேயே வைத்திருந்தால், அது முழுப் பாரத்தில் நீண்ட நேரம் தாங்காது. அப்படியானால் பெற்றோல் எண்ணிலிருந்து குறைந்தது 2 பாகை பின்னுக்கு வைத்துத் தொடங்குவது பாதுகாப்பான பக்கம். ஆனால் உயர் அமுக்கத்தால் வரும் தட்டலை ரைமிங்கால் மட்டும் தீர்த்துவிட முடியாது, தலையும் மாற வேண்டும். மிகவும் பின்னுக்கு இழுத்தாலும் கேடுதான்: எரிதல் பிந்தி, சூடு வெளிப்போக்கில் போகும், ஓட்டம் மந்தமாகும், எண்ணெய்ச் செலவு கூடும்.

ரைமிங் சரியாக இருந்தும் தட்டினால் தண்ணீரைப் பாருங்கள். மணற்கரையில் இறக்கி ஏற்றும் சல்லி, குச்சவெளிப் பக்கத்து எஞ்சின்கள் மணலோடு தண்ணீரை உறிஞ்சும், இம்பெல்லர் சீக்கிரம் தேயும். உப்புப் படிந்து தலையின் வழிகள் ஒடுங்கினால் ஓரிடம் மட்டும் கொதித்து, தீப்பொறி இல்லாமலே பற்றும். வெளியே வரும் தாரை மெலிந்திருந்தால் ரைமிங்கைத் தொட முன் அதைச் சரிசெய்யுங்கள். இரண்டு சிலிண்டரின் அமுக்கத்தையும் கேஜில் பாருங்கள், ஒன்றுக்கொன்று 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் என்றால் கோளாறு வளையத்திலோ சிலிண்டரிலோ இருக்கிறது.

கடைசிச் சோதனை கடலில். கச்சான் எழும்பும் முன், காலையில், வழமையான பாரத்தோடு போங்கள். முதல் ஓட்டத்தைப் பெற்றோலிலேயே செய்யுங்கள். சுற்றுமானி புத்தகம் சொல்லும் முழுவேக எல்லைக்குள் நிற்க வேண்டும், இந்த அளவு எஞ்சின்கள் பலவற்றில் அது 4500 முதல் 5500. மூன்று நான்கு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி, வேகத்தைக் குறைக்காமலே கில் சுவிச்சால் நிறுத்தி, படகு நின்றதும் பிளக்குகளைக் கழற்றுங்கள். பீங்கான் தேநீர்ச் சாயல் என்றால் நல்லது. வெள்ளையாக வெளிறிப் பொரிந்திருந்தால் சூடு அதிகம், காரணம் அட்வான்ஸாகவும் இருக்கலாம், காபரேற்றர் அடைப்பாகவும் இருக்கலாம். பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்பும் வெள்ளியுமாகப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்ரனின் அலுமினியம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், மெதுவாகக் கரைக்கு வாருங்கள். பெற்றோலில் சுத்தமாக ஓடினால் மட்டும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நிறுத்தும் முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரைக் கழுவ வேண்டும், மண்ணெண்ணெய் தங்கிய எஞ்சின் மறுநாள் காலையில் கயிற்றுக்கு மசியாது.

இரண்டு தொழில் போய் வந்ததும் பிளைவீல் நட்டின் இறுக்கத்தையும் கம்பியின் லொக் நட்டையும் ஒருமுறை பாருங்கள். உண்மையான உச்சியில் நீங்கள் போட்ட கோட்டை அழிக்காமல் ஊசியால் மெல்லக் கீறி வையுங்கள்; இடையில் பிளைவீலைக் கழற்றிப் பூட்டியிருந்தால் உச்சியை மீண்டும் அதே முறையில் கண்டுபிடித்துப் புதுக் கோட்டையே கீறுங்கள். அடுத்த முறை கயிறு உதைத்தால் பிஸ்ரனை உச்சியில் நிறுத்திப் பாருங்கள், அந்தக் கீறல் முள்ளுக்கு நேரே வராவிட்டால் பிளைவீல் மீண்டும் நகர்ந்திருக்கிறது.