சி.ஆர்.பி. கூடினால் என்ன மாத்திரை? மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. 24 வந்திருக்கிறது. குறைக்க என்ன மாத்திரை டாக்டர்?

பதில்: எண்ணுக்கு மாத்திரை கிடையாது. உடம்பில் எங்கோ அழற்சி இருப்பதால் கல்லீரல் சுரக்கும் புரதம் இது. காரணம் தீர்ந்தால் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அண்மையில் காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்காவிட்டால் ஈறு, நுரையீரல், சிறுநீர், மூட்டு என்று தேட வேண்டும். அலகையும் பாருங்கள். மில்லிகிராம் கணக்கு லிட்டருக்கா, டெசிலிட்டருக்கா? பத்து மடங்கு வித்தியாசம்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். 90. காலையில் தோளைத் தூக்க முடியவில்லை. புதிதாகத் தலைவலி வேறு. வாதம் என்று தைலம் தேய்க்கிறோம்.

பதில்: மெல்லும்போது தாடை வலிக்கிறதா, பார்வை மங்குகிறதா என்று அம்மாவிடம் இப்போதே கேட்டுச் சொல்லுங்கள் தம்பி.

கேள்வி: மஞ்சள் கேப்சூல் எடுக்கலாமா?

பதில்: குழம்பில் போடுங்கள், போதும். காரணத்தைத் தேடுவதற்கு அது ஈடாகாது.

கேள்வி: கடையில் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டேன். சி.ஆர்.பி. 4க்கு இறங்கிவிட்டது.

பதில்: எண்தான் அடங்கியது. உள்ளே காசநோய் இருந்தால் இந்நேரம் பரவிக்கொண்டிருக்கும். நாள்கணக்கில் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எண்ணைக் குறைப்பதே சிகிச்சை இல்லையா? 2008இல் வந்த ஜூபிடர் ஆய்வில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்து சி.ஆர்.பி.யைக் குறைத்தார்கள், மாரடைப்பும் குறைந்ததே!

பதில்: நல்ல வாதம். ஆனால் அதில் கெட்ட கொழுப்பும் பாதியாக இறங்கியது. எதனால் பலன் என்று எப்படிப் பிரிப்பது? 2017இல் கான்டோஸ் ஆய்வு கொழுப்பைத் தொடாத கனகினுமாப் ஊசியைக் கொடுத்தது. மாரடைப்பு குறைந்தது உண்மை. ஆனால் அந்த ஊசி அடிப்பது சி.ஆர்.பி.யை அல்ல, அதற்கு முந்தைய படியில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதத்தை. தொற்றால் இறந்தவர்களும் அதில் கூடினார்கள். பிறவியிலேயே மரபணுவால் சி.ஆர்.பி. கூடியவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சி.ஆர்.பி. அடையாளம்தான், காரணம் அல்ல.

கேள்வி: அப்படியானால் மஞ்சளும் மிளகும் சேர்த்து...

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: டாக்டர், அம்மாவுக்குச் சாப்பிடும்போது தாடை வலிக்கிறதாம்.

பதில்: மற்ற கேள்விகள் இருக்கட்டும். நெற்றிப்பொட்டில் ஓடும் ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். பார்வை போனால் திரும்பாது. ஸ்டீராய்டை மருத்துவரே தாமதிக்காமல் தொடங்க வேண்டிய நோய் இது, திசுப் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்க மாட்டோம். பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு இன்றே கூட்டிப் போங்கள். இ.எஸ்.ஆர். தாள் கையில் இருக்கட்டும்.