அப்பா அம்மாவோடு மொரிஷியஸ்: தனி கைடு தேவையா?

கேள்வி: வயதான பெற்றோருடன் மொரிஷியஸ் போகிறோம். எரிமலைப் பள்ளம், சாமரெல் ஏழு வண்ண மண் எல்லாம் பார்க்கத் தனி வண்டியும் கைடும் வைக்கணுமா, குரூப் பஸ் போதாதா?

பதில்: தனி வண்டியும் கைடுமே வையுங்கள். கியூர்பிப் ஊரிலுள்ள த்ரூ ஓ செர்ஃப் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு வரை கார் போகும், நடக்க வேண்டியதில்லை. ஆனால் அது மழையும் மூடுபனியும் அதிகமுள்ள மேட்டுப்பகுதி, அதனால் மேகம் கவிந்திருந்தால் முதலில் சாமரெல் போய்விட்டு அப்புறம் வரலாம், குரூப் பஸ்ஸில் இது நடக்குமா?

சாமரெல் ஏழு வண்ண மண்ணை அவசரமாகப் பார்க்காதீர்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து களிமண்ணாகி, எளிதில் கரையும் பொருட்களெல்லாம் மழையோடு போய்விட, எஞ்சிய இரும்பு ஆக்சைடு சிவப்பையும் அலுமினிய ஆக்சைடு நீலம், ஊதாவையும் தருகிறது. வெயில் விழும்போதுதான் நிறங்கள் பிரிந்து தெரியும், மண்மேல் நடக்க அனுமதியில்லை. அருவியும் பக்கத்திலேயே.

வழியில் கிராண்ட் பாசின். அந்த ஏரியும் பழைய எரிமலை வாய்தான், கரையிலே கோயில்கள், 33 மீட்டர் சிவன் சிலை, உங்கள் அம்மா கட்டாயம் விரும்புவார். 556 மீட்டர் லெ மோர்ன் மலையை மட்டும் கீழே கடற்கரையிலிருந்தே பாருங்கள், ஏற்றம் செங்குத்து.

நிறுத்தங்கள், நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு, கடைகளுக்கு அழைத்துப் போகக் கூடாது என்பதையெல்லாம் கைடிடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.