ஆற்றுக்குள் நின்று எடுங்கள்

கேள்வி: மகள் ஸ்பெயினில் வாலென்சியா நகரத்தில் வேலை பார்க்கிறாள். ஜூன் மாதம் அங்கே போகிறேன். போனில்தான் படம் எடுப்பேன். இங்கே எந்தக் கட்டடத்தை எடுத்தாலும் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வருகிறது. அந்த ஊரின் பழைய கோட்டைவாசலையும் புதிய வெள்ளைக் கட்டடங்களையும் நன்றாக எடுக்க வழி சொல்லுங்கள் ஐயா.
– வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, சாய்வதற்குக் காரணம் போன் இல்லை, நாம் அதை அண்ணாத்திப் பிடிப்பதுதான். உச்சியும் படத்தில் விழ வேண்டுமென்று போனைச் சாய்த்தால், சுவர்க்கோடுகள் மேலே போகப் போக நெருங்கிவிடும். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு, கட்டடம் முழுசாக அடங்கும்வரை பின்னால் போங்கள்.

பின்னால் போக இடம் வேண்டுமே? வாலென்சியாவில் இருக்கிறது. ஊர் நடுவே ஓடிய துரியா ஆறு 1957 அக்டோபரில் பெருவெள்ளமாகி உயிர்களைக் கொண்டுபோனது. அப்புறம் ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். காய்ந்த படுகையில் நெடுஞ்சாலை போடத் திட்டம் வந்தபோது மக்கள் விடவில்லை. தோட்டம்தான் வேண்டும் என்று போராடி வாங்கினார்கள். ஆறு போய்விட்டது, பாலங்கள் அப்படியே நிற்கின்றன. தண்ணீர் இருந்தால் நிற்கவே முடியாத இடத்தில் நின்று, பாலத்தின் வளைவுகளை நேருக்கு நேர் எடுக்கலாம். நான் அங்கே அதிக நேரம் கழித்தது இந்தப் படுகையில்தான்.

செரானோஸ் கோபுரவாசல் 1398இல் கட்டி முடித்தது. அதன் எதிரே இருக்கிற பழைய பாலத்தில் நின்றால் இரண்டு கோபுரங்களும் நேராக விழும். பிறகு படுகையில் இறங்கிக் கடல் பக்கமாக நடங்கள். அந்த ஊர்க்காரரான சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த வெள்ளைக் கட்டடங்கள் வரும். கண் வடிவில் இருக்கிற ஹெமிஸ்பெரிக் 1998இல் திறந்தது. சுற்றிலும் ஆழமில்லாத குளம். காற்றில்லாத காலையில் போனால் மீதிக் கண் தண்ணீரில் தெரியும்.

வெள்ளையில் ஒரு சிக்கல் உண்டு. நம் மலையில் மூடுபனியை எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வருகிறதல்லவா, அதே கதைதான். வெள்ளை நிறைந்திருந்தால் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். திரையில் சுவரைத் தொட்டு, சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அந்த வெள்ளை, உடைத்த ஓட்டுச் சில்லுகளைப் பதித்தது. சில்லுகளுக்கு இடையே இருக்கிற மெல்லிய கோடுகள் மறையாத அளவோடு நிறுத்திவிடுங்கள்.

பழைய பட்டுச் சந்தையான லோன்ஹாவுக்குக் கட்டாயம் போங்கள். அங்கே மட்டும் என் விதியை மீறலாம். தூண்கள் முறுக்கிய கயிறு போல ஏறி, உச்சியில் பிரிந்து கூரையாகின்றன. ஒரு தூணின் அடியில் போனைத் திரை கீழே இருக்கும்படி படுக்கையாகப் பிடித்து, நேர் மேலே எடுங்கள். அரைகுறையாகச் சாய்ப்பதுதான் கெடுக்கும். முழுக்க அண்ணாத்தினால் அழகு.

ஜூனில் அங்கே இருட்ட இரவு ஒன்பதரைக்கு மேல் ஆகும். நடுப்பகல் வெயிலில் அலையாமல், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மாலையில் கிளம்புங்கள்.

கிளம்புமுன் ஊட்டி ஸ்டீபன்ஸ் தேவாலயத்தில் ஒரு காலை பழகிப் பாருங்கள். 1830இல் அர்ப்பணித்த கட்டடம், வெளிர்நிறச் சுவர். போனில் கட்டக்கோடுகளை வரவழைத்து, சுவர் விளிம்பை அதில் ஒட்டிப் பிடியுங்கள். வாலென்சியாவில் மகளையும் இரண்டு படத்திலாவது நிற்க வையுங்கள். ஆள் இருந்தால்தான் அந்தக் கோபுரத்தின் உயரம் தெரியும்.