சேரும் முன் படிப்பு விதிமுறையைப் படியுங்கள்

தம்பி,

ஜெர்மனியில் மைக்ரேஷன் ஸ்டடீஸ், அதாவது குடியேற்ற ஆய்வு முதுகலைக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது, எதில் சேர்வது, ஐநா அமைப்புகளில் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா, ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாமா, அறை எப்படித் தேடுவது, விசாவுக்காகப் பணத்தை முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுன்ட் எங்கே தொடங்குவது என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். அறைக்கும் அக்கவுன்ட்டுக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இன்டர்ன்ஷிப் பற்றிச் சொல்கிறேன். இதே படிப்புக்காக வந்து, முதல் வருஷம் முழுக்க இதே விஷயத்துக்காக அலைந்தவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த அலைச்சல் அத்தனையும் ஞாபகம் வந்துவிட்டது.

பல்கலைக்கழக ரேங்க்கை ஓரமாக வையுங்கள். இரண்டு படிப்புகளின் விதிமுறை ஆவணத்தையும் அவர்கள் இணையதளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள். இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்திலேயே கட்டாயமாக இருக்கிறதா, எத்தனை வாரம், எத்தனை கிரெடிட் என்று தேடுங்கள். கட்டாய இன்டர்ன்ஷிப்பை இங்கே ஃப்ளிஷ்ட்பிராக்டிகும் என்பார்கள். அது இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் இங்கே உங்கள் இரண்டு வருஷமும் போகும்.

காரணம் சம்பளச் சட்டம். மாணவர் தானாக விரும்பிச் செய்யும் இன்டர்ன்ஷிப் மூன்று மாதத்தைத் தாண்டினால், முதல் நாளிலிருந்தே குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து அது மணிக்கு 13.90 யூரோ. கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு இந்த விதி பொருந்தாது. திட்ட நிதியில் ஓடும் அகதி உதவி அமைப்பும் சின்ன ஆய்வு நிறுவனமும் என்ன செய்யும்? கட்டாய இன்டர்ன்ஷிப் மாணவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடும். என் படிப்பில் இன்டர்ன்ஷிப் விருப்பத்துக்கு உரியதாக இருந்தது. ஒரு நிறுவனத்தில் நேர்காணல் முடிந்து, எந்த மேசை எனக்கு என்பது வரை காட்டிவிட்டார்கள். மறுநாள், இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று பல்கலைக்கழகத்திடமிருந்து கடிதம் வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. விதிமுறையில் இல்லாததை எழுதித் தர முடியாது என்று பல்கலைக்கழகம் கைவிரித்தது. அதோடு அந்த இடம் போயிற்று. ஆறு மாத வேலை அது, ஆய்வேட்டுக்கும் அப்படியே பொருந்தியிருக்கும். இன்றுவரை எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.

இரண்டாவது காரணம் விசா. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சுக்கு முன் அது 120 நாளாக இருந்தது. கட்டாய இன்டர்ன்ஷிப் இந்தக் கணக்கில் சேராது. விருப்ப இன்டர்ன்ஷிப் சேரும், ஒரு பைசா சம்பளம் இல்லாவிட்டாலும் சேரும்! இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வார இறுதியில் கிடங்கில் பெட்டி தூக்கி வாடகை கட்டும் பையன், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போனால் அந்த நாள்களும் அதே 140-ல்தான் கழியும். வருஷக் கடைசியில் வாடகைக்கு உழைக்க நாள் மிச்சம் இருக்காது.

வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வியன்னாவில் குடியேற்றக் கொள்கைக்கான சர்வதேச மையமான ஐசிஎம்பிடி இருக்கிறது, ஜெனீவாவில் ஐநாவின் அகதிகள் அமைப்பான யூஎன்ஹெச்சிஆரும் குடியேற்ற அமைப்பான ஐஓஎம்மும் இருக்கின்றன, எல்லாம் ரயில் தூரம்தானே என்று தோன்றும். ஜெர்மன் மாணவர் அனுமதி ஆஸ்திரியாவிலோ சுவிட்சர்லாந்திலோ வேலை செய்யும் உரிமையைத் தராது. அந்தந்த நாட்டு விதி தனி. அப்புறம், ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்கினால் உங்கள் குடியிருப்பு அனுமதியே காலாவதியாகிவிடும். கிளம்பும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் கூடுதல் அவகாசம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இன்று இருப்பவர் நாளை இருக்கமாட்டார்.

சரி, ஐநா. உங்கள் கேள்வியில் பாதி அதுதான். ஐநா தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. யூஎன்ஹெச்சிஆரும் ஐஓஎம்மும் ஒரு தொகை தருகின்றன, ஆனால் ஜெனீவா வாடகைக்கு அது காணாது. 2025-ல் அமெரிக்கா நிதியைக் குறைத்ததும் இரண்டு அமைப்புகளும் ஆயிரக்கணக்கான பணியிடங்களை நீக்கின. பத்து வருஷ அனுபவத்தோடு வெளியே வந்தவர்கள் இப்போது சின்ன வேலைக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள். அந்த வரிசையில்தான் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். முயற்சி செய்யாதீர்கள் என்று சொல்லமாட்டேன். பெர்லினில் ஐஓஎம்மின் தரவு ஆய்வு மையம் 2015 முதல் இருக்கிறது, புள்ளியியல் தெரிந்தால் அங்கே எழுதிப் பாருங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் ப்ளூ புக் பயிற்சி ஐந்து மாதம், உதவித்தொகை உண்டு, ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறார்கள். மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கும். இதை மட்டுமே நம்பி இரண்டு வருஷத்தையும் ஓட்டிவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை.

இனி மொழி. "ஆங்கிலமே போதும்" என்று உங்களிடம் சொன்ன ஏஜென்ட் இந்த ஊரில் ஒரு நாளாவது வேலை தேடியிருக்கிறாரா என்று கேளுங்கள். ஐடியில் இருப்பவர்கள் சொல்வது அவர்கள் வேலைக்குச் சரி. கோட் எழுதுகிறவருக்கு யாரும் குடியேற்றச் சட்டத்தின் பத்தியைக் காட்டி விளக்கம் கேட்கமாட்டார்கள். நம் துறையே மனிதர்களும் காகிதங்களும்தான், இங்கே காகிதம் முழுக்க ஜெர்மனில் இருக்கிறது. நான் வகுப்பு முடிந்து மாலையில் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்னும் பெரியவர்களுக்கான கல்வி மையத்தின் மொழி வகுப்புக்குப் போய்ப் படித்தேன். பி1 என்னும் நடுத்தர நிலை வரைக்கும் நாக்கு புரளவே இல்லை. இன்று அரசு அலுவலகக் கடிதத்தை ஒரு தடவை வாசித்து, எதிரே இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ஜெர்மன்காரர்களே சில நேரம் அவர்கள் கடிதத்தை என்னிடம் நீட்டுகிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

அந்த நிறுவனம் கைவிட்ட பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு தேவாலய அமைப்பு நடத்தும் சிறிய ஆலோசனை மையம். மூன்று மாதத்துக்குள் அடங்கும் இன்டர்ன்ஷிப், சம்பளம் இல்லை. நான் வகுப்பில் படித்ததெல்லாம் எனக்குப் புரியத் தொடங்கியது அங்கேதான். ஒரு காலையில் எரித்திரியப் பெண் ஒருவர் புகலிட மறுப்புக் கடிதத்தோடு வந்தார். என் மேலதிகாரி கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை, "உறை எங்கே?" என்றுதான் கேட்டார். இந்த முடிவுகள் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் கொடுத்த தேதியை உறையின் மேலேயே பேனாவால் எழுதிவிட்டுப் போவார். வழக்குப் போட இரண்டு வார அவகாசம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். கோரிக்கை வெளிப்படையாகவே ஆதாரமற்றது என்று தள்ளியிருந்தால் ஒரே வாரம். அந்தப் பெண் உறையை எறிந்துவிட்டிருந்தார். நானும் அவரும் அவர் தங்கியிருந்த விடுதிக்கு ஓடி, பின்பக்கம் இருந்த காகிதக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். கசங்கி, ஓரம் நனைந்து கிடைத்தது. நீல மையில் தேதி தெளிவாக இருந்தது, இன்னும் நாள் மிச்சம் இருந்தது. அன்று மாலையே வழக்கறிஞருக்குத் தொலைநகல் போயிற்று. புகலிட நடைமுறை பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்திருந்தேன், அந்த உறையைப் பற்றி ஒரு பக்கத்திலும் இல்லை.

அதனால் கரித்தாஸ், டியக்கோனி, ஆவோ போன்ற சமூகநல அமைப்புகள் நடத்தும் ஆலோசனை மையங்களுக்கு எழுதுங்கள். பெரியவர்களுக்கான குடியேற்ற ஆலோசனை, 12 முதல் 27 வயது வரையுள்ளவர்களுக்கான இளையோர் சேவை என்று நாடு முழுக்க இருக்கின்றன. பல பல்கலைக்கழகங்களில் அகதிச் சட்ட உதவிக் குழுவும் உண்டு, மாணவர்களே பயிற்சி எடுத்து நடத்துவது. அங்கே போவதற்கு இன்டர்ன்ஷிப் என்ற பெயர்கூடத் தேவையில்லை. ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன்: ஆலோசனைக்கு வருகிறவர்கள் உங்கள் ஆய்வேட்டுக்கான தரவு இல்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்வது சட்டப்படி குற்றமாகக்கூட ஆகலாம். பேட்டி வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு, ஒப்புதல் வாங்கி, வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சமீப வருஷங்களில் விசாவில் வந்த நம்மவர்கள் சிலர், "நாங்கள் முறையாக வந்தவர்கள், அவர்கள் அகதிகள்" என்று பிரித்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இந்த நாட்டில் தமிழுக்கு ஒரு முகவரி ஏற்படுத்தியவர்கள் ஈழத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் மையத்துக்கு மொழிபெயர்க்க வரும் ஐயா ஒருவர் எண்பதுகளில் வந்தவர். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ட்ராஸே ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்திருக்கிறார். நகரத்தின் பிரிவை மேற்குத் தரப்பு எல்லையாக ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கத்தில் அப்போது சோதனை இல்லை. 1985-ல் மேற்கு ஜெர்மனியின் வற்புறுத்தலால் கிழக்கு ஜெர்மனி அந்த வழியைத் தமிழருக்கு அடைத்தது. வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வேலைத் தடை, மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் தடை. அதையெல்லாம் தாண்டி, பாத்திரம் கழுவிக் குடும்பத்தை வரவழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஹம் நகரத்தில் 2002-ல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் அப்படிப்பட்டவர்கள் கட்டியது. ஐயா பேசத் தொடங்கினால் எனக்கு அடுத்த வேலை ஓடாது. அவர் சொல்லச் சொல்ல, பாடத்தில் படித்த விதி ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைத் தடுக்கப் போட்டது என்று புரியும். மைக்ரேஷன் ஸ்டடீஸ் படிக்க வருகிறீர்கள், இந்த மனிதர்களோடு உட்கார்ந்து பேசாமல் ஊர் திரும்பாதீர்கள்.

எதில் சேர்வது என்றால், நீங்கள் சொன்ன இரண்டில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் எம்மிர் என்ற கூட்டு முதுகலைப் படிப்பு ஆங்கிலத்தில் நடப்பது, நார்வேயின் ஸ்டாவாங்கரும் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களும் கூட்டாளிகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் பணக்கவலை குறையும். ஆனால் நாடு நாடாக மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே ஊரில் மொழியும் தொடர்பும் வேர்பிடிக்க நேரம் கிடைக்காது. ஒஸ்னாப்ரூக்கில் 1991 முதல் குடியேற்ற ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது, அங்கே படிப்பு பெரும்பாலும் ஜெர்மனில். ஜெர்மனியில் நிலைக்க எண்ணமிருந்தால், மொழித்தேர்வுக்கு ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இரண்டாவதைத்தான் சொல்வேன். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும், மொழி இல்லாமல் அந்த 18 மாதம் ஓடிப்போவது தெரியாது.

பகுதிநேர வேலை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். துறையிலேயே ஹிவி (மாணவர் உதவியாளர்) வேலை கிடைக்குமா என்று முதல் வாரமே பேராசிரியர்களிடம் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் மாணவர் உதவியாளர் வேலை 140 நாள் கணக்கில் வராது. எராஸ்மஸ் பிளஸ் இன்டர்ன்ஷிப் உதவித்தொகைக்கு ஐரோப்பிய மாணவர்கள்தான் விண்ணப்பிக்கலாம் என்று நம் பிள்ளைகள் நினைத்து விட்டுவிடுகிறார்கள். இங்கே பதிவுசெய்த மாணவராக இருந்தால் நீங்களும் போடலாம், இன்டர்ன்ஷிப் வேறொரு ஐரோப்பிய நாட்டில் குறைந்தது இரண்டு மாதம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் கேளுங்கள், கிளம்பும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.